உரிமையா, உடன்படிக்கையா, ஒப்பந்தமா: காட்டோரக் கிராம சபை எதை முதலில் தேர்வது?

காட்டையொட்டி வாழும் ஒரு கிராமத்தின் சபை முன் இன்று மூன்று வகைத் தாள்கள் வந்து சேரக்கூடும். ஒன்று, வனத்துறையின் கூட்டு வன மேலாண்மைத் திட்டத்தில் சேர்வதற்கான உடன்படிக்கை. இன்னொன்று, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காடு முழுவதற்கும் சமூக வன வள உரிமை கோரும் ‘படிவம் சி’. மற்றொன்று, காட்டை நீங்கள் காத்துவந்தால் அதில் சேரும் கரிமத்தை, தம் புகை உமிழ்வுக்கு ஈடு காட்ட விரும்புவோருக்குக் கார்பன் கிரெடிட்டாக விற்றுப் பணம் தருகிறோம் என்று சொல்லி வரும் நிறுவனத்தின் ஒப்பந்தம். அதன் காலம் இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகள். மூன்றும் காட்டையும் மக்களையும் பற்றியே பேசுகின்றன. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கும், பணம் எப்போது வரும், தவறு நேர்ந்தால் நட்டம் யார் தலையில் விழும், வேண்டாம் என்றால் விலக முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு திசைகளில் போகின்றன.

இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையைச் சரியாக வைப்பதுதான் ஊரின் நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது என்பதே என் கருத்து. உரிமை கைக்கு வந்த பிறகு கார்பன் பேசும் ஊர், தன் பொருளுக்குத் தானே விலை பேசுகிறது. உரிமை வருமுன் பேசும் ஊர், பிறர் பெயரில் இருக்கும் சொத்துக்குக் காவல்கூலி பேசுகிறது. ஒவ்வொரு வழியும் நடைமுறையில் என்ன தந்திருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

கூட்டு வன மேலாண்மையின் தொடக்கம் நல்ல தொடக்கம்தான். மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அராபாரி என்ற இடத்தில், 1970களின் தொடக்கத்தில், அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றுவட்டாரத்துப் பதினொரு ஊர்களின் மக்களோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். அங்கிருந்த சால மரக்காடு வெட்டி வெட்டி அடிக்கட்டைகளாகிக் கிடந்தது. விறகு விற்றுப் பிழைத்தவர்களுக்குக் காட்டு வேலையும், காடு வளர்ந்தபின் மர விற்பனையில் 25 விழுக்காடு பங்கும் தருவதாகப் பேச்சு. சால மரத்துக்கு வேர் உயிரோடு இருந்தால் போதும், அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வெட்டும் மேய்ச்சலும் நின்றதும் காடு தானாக எழுந்தது. புதிதாக நட வேண்டியது குறைவு, விட்டுவைக்க வேண்டியதே மிகுதி என்ற இந்தப் பாடம் இன்றைய கார்பன் திட்டங்களுக்கும் அடித்தளம். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையும் 1990 ஜூன் முதல் நாள் வெளியான நடுவணரசின் சுற்றறிக்கையும் இந்த முறையை நாடெங்கும் கொண்டு சென்றன. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் அமைந்த கிராம வனக்குழுக்கள் இந்த வழியில் வந்தவையே.

இதன் வசதிகளைக் குறைத்துப் பேசக் கூடாது. குழு விரைவில் அமையும். ஊருக்குச் செலவில்லை. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டக் கூலி கிடைக்கும், தடுப்பணை கிடைக்கும். மரக்கடத்தல்காரன் வந்தால் பிடித்து வழக்குப் போட வனத்துறை இருக்கிறது, அந்த வலிமை ஊருக்குத் தனியே இல்லை. ஆனால் இந்த ஏற்பாடு சட்டத்தின் மேல் நிற்பதன்று. அரசாணையின் மேல் நிற்பது. குழுவின் செயலராகப் பெரும்பாலும் வனத்துறைப் பணியாளரே இருக்கிறார், வங்கிக் கணக்கிலும் அவர் கையெழுத்து வேண்டும், எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்பது துறையின் செயல்திட்டத்தில் எழுதப்படுகிறது. குழுவைக் கலைக்கவும் துறையால் முடியும். வெளிக்கடன் இருக்கும்வரை கூட்டம் நடந்து, திட்டக்காலம் முடிந்ததும் குழு ஏட்டளவில் நின்றுபோன ஊர்கள் நாட்டில் ஏராளம். மக்கள் அக்கறை இழந்தார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது நியாயமன்று. தம்முடையதல்லாத ஒன்றில் எத்தனை காலம்தான் அக்கறை காட்டுவார்கள்?

வன உரிமைச் சட்டத்தின் வழி வேறு. அதன் 3(1)(i) பிரிவு, ஊரார் மரபாகக் காத்தும் பயன்படுத்தியும் வந்த காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் அமைப்பு கிராம சபை. 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைச் சபையே தேர்ந்தெடுக்கிறது. அந்தக் குழு ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு காட்டெல்லையைச் சுற்றி நடக்க வேண்டும்: இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறைவரை, சாமி கும்பிடும் மரத்தைத் தாண்டி, தேன் எடுக்கும் மலைமுகடுவரை. பக்கத்து ஊராரும் கூட வந்து, இது உங்களுடையது, இது எங்களுடையது, இந்தப் பள்ளத்தில் இருவரும் மாடு மேய்ப்போம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் சான்று. பின்பு மனு கோட்ட அளவிலான குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் போகிறது. எல்லை நடப்பதற்கு உடல் உழைப்பு வேண்டும், பக்கத்து ஊரோடு பழைய பகை இருந்தால் பொறுமையும் வேண்டும். ஆனால் இந்த வேலையைச் செய்து முடித்த ஊர், தன் காட்டின் பரப்பையும் அதில் யாருக்கு என்ன பயன் என்பதையும் எழுத்தில் வைத்திருக்கிறது. பின்னாளில் கார்பன் பேச எவர் வந்தாலும் முதலில் கேட்பது இந்த வரைபடத்தைத்தான்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா என்ற கோண்டு மக்களின் சிற்றூர், 2009இல், ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்றது. நாட்டில் முதலில் பெற்ற ஊர்களுள் ஒன்று அது. அங்கே ஒருவர் மறுத்தாலும் முடிவைத் தள்ளிவைத்து, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவது வழக்கம். பட்டா வந்த பின்னும் மூங்கிலை விற்க விடவில்லை. 1927ஆம் ஆண்டின் வனச்சட்டத்தைக் காட்டி, மூங்கில் மரம், ஆகவே அது வனத்துறையின் பொருள் என்றார்கள். வன உரிமைச் சட்டமோ மூங்கிலைச் சிறு வன மகசூல், அதாவது ஊரார் எடுத்து விற்கத்தக்க காட்டு விளைபொருள், என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. இழுபறிக்குப் பிறகு, 2011 ஏப்ரலில், அப்போதைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் சென்று, மூங்கிலை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை ஊராரிடம் கொடுத்தார். வனச்சரகர் மட்டுமே எழுதிவந்த சீட்டை அதன்பின் கிராம சபையே எழுதியது. காட்டின் மீதான அதிகாரம் கைமாறியதை அந்தச் சிறு புத்தகத்தைவிடத் தெளிவாகக் காட்ட வேறொன்று இல்லை.

அதே மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் உள்ள பாச்காவ், 2012இல் உரிமை பெற்றது. அந்த ஊரும் மூங்கில் விற்கிறது. ஆனால் பீடி இலை பறிப்பதை நிறுத்துவதென்று சபை முடிவெடுத்தது. இலைக்காகக் கிளைகளை வெட்டுகிறார்கள், புதுத் துளிர் வரத் தீ வைக்கிறார்கள், பழமும் பறவைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கையில் வரும் பணத்தைக் காட்டுக்காக விட்டுக்கொடுக்கும் முடிவு இது. மேலிருந்து தடை வந்திருந்தால் திருட்டுத்தனமாகவேனும் பறித்திருப்பார்கள். தாமே எடுத்த முடிவாதலால் அதைக் காப்பதும் தம் வேலை என்று கொள்கிறார்கள். கார்பன் திட்டங்கள் பெருஞ்செலவில் வாங்க முயல்வது இந்த நடத்தை மாற்றத்தைத்தான்.

மறுக்கும் அதிகாரமும் இந்த உரிமையோடு சேர்ந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தபோது, பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. ஒரு மலையின் காட்டில் சேர்ந்திருக்கும் கரிமம் முழுவதையும் ஒரு தீர்மானம் காத்தது. அதற்கு எந்த கிரெடிட்டும் யாரும் எண்ணித் தரவில்லை.

இந்த வழியின் குறைகள் இரண்டு. முதலாவது காலம். தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நின்றுகிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே நகரத் தொடங்கியது. வேறு மாநிலங்களிலும் மாவட்டக் குழுக்களின் மேசையில் மனுக்கள் தேங்குகின்றன. இரண்டாவது, பட்டாவோடு பணம் வருவதில்லை. மூங்கில் நிறைந்த கட்சிரோலிக்குப் பொருந்துவது, லந்தானா புதராக மண்டிக் கிடக்கும் ஒரு காட்டுக்கு அப்படியே பொருந்தாது. விற்கத்தக்க மகசூல் இல்லாத ஊருக்கு, காட்டை மீட்டெடுக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான கூலியை யார் தருவது என்ற கேள்வி நிற்கிறது. கார்பன் ஒப்பந்தம் நுழைவது இந்த இடைவெளியில்தான். அந்த நுழைவு நியாயமானதும்கூட.

விற்கப்படுவது என்ன என்பதை ஊர் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்குள் மாதிரித் துண்டுகளைக் கயிறு கட்டிக் குறிக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடாவைச் சுற்றி அளவெடுத்து, மரத்துக்கு எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கமிருந்து அளக்க வேண்டும், மார்பளவுக்குக் கீழேயே தண்டு பிரிந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனியே அளக்க வேண்டும் என்பன போன்ற விதிகளை ஊர் இளைஞர்கள் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். அந்த அளவிலிருந்து மரத்தின் உலர் எடையைக் கணக்கிட்டால், அதில் ஏறக்குறைய பாதி கரிமம். ஒரு டன் கரிமம் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு ஒரு கிரெடிட். இதுவரை சிக்கலில்லை, அளப்பதை ஊராரே செய்யலாம், சரிபார்க்கவும் செய்யலாம்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. காட்டில் இருக்கும் கரிமத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. திட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு அழிந்திருக்குமோ அந்த அளவுக்கும், உண்மையில் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கே பணம். நடக்காத ஒன்றை மதிப்பிடும் இந்தக் கணக்கில்தான் மிகைப்படுத்தல் புகுந்தது. ஆறு நாடுகளில் 26 திட்ட இடங்களை ஆராய்ந்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் தாம் கூறிக்கொண்டதைவிட மிகக் குறைவாகவே குறைத்தன என்றும் கண்டது. வாங்குவோர் பின்வாங்கினார்கள், விலை சரிந்தது. கணக்குப் போட்டவர்கள் நகரத்தில் இருந்தார்கள். விலைச் சரிவு போய்ச் சேர்ந்தது காட்டூருக்கு.

இந்தக் கணக்குமுறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. தலைமுறைகளாகத் தன் காட்டை ஒழுங்காகக் காத்துவந்த ஊரில் அழிவு வேகம் குறைவு. ஆகவே ‘தடுக்கப்பட்ட அழிவு’ என்று காட்ட அதனிடம் அதிகம் இல்லை, கிரெடிட்டும் குறைவு. பாதிக் காட்டை இழந்துவிட்ட பக்கத்து ஊருக்கோ கிரெடிட் கூடுதல். இந்த அநீதியைச் சரிசெய்யும் வழி சந்தைக் கணக்கில் இன்னும் முழுமையாக இல்லை. அப்படிக் காத்துவந்த ஊர்கள் கார்பன் பணத்தை நம்பி வேறெதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பணம் எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 1,000 ஹெக்டேர் காடு, ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 3 டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதல் என்றால் 3,000 கிரெடிட். தீ, புயல் போன்ற இழப்புக்கு ஈடாக 20 விழுக்காட்டை விற்காமல் ஒதுக்கிவைத்தால் 2,400. ஒன்று 8 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்றால் 16 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். சரிபார்ப்பு, பதிவுக் கட்டணம், நிறுவனத்தின் பங்கு என 40 விழுக்காடு போனால் ஊருக்கு எஞ்சுவது சுமார் 9 லட்சத்து 79 ஆயிரம். 150 குடும்பங்கள் உள்ள ஊரில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,500 ரூபாய். மாதம் 550 ரூபாய்க்கும் குறைவு. விறகு, தேன், கடுக்காய், சீமாறு, மேய்ச்சல், கிழங்கு ஆகியவற்றால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் பயனை இதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘காட்டுக்குள் நுழைவதில்லை’ என்ற நிபந்தனைக்கு ஊர் இணங்கலாமா என்று பேச வேண்டும். தனித்தனி வீட்டுக்குப் பிரித்தால் சிறு தொகை. ஊருக்குப் பொதுவாக வைத்தால் தீக்காவலுக்கும் குடிநீருக்கும் பள்ளிக்கும் உதவும் தொகை. கென்யாவின் காஸி விரிகுடாவில் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை வைத்து நடக்கும் ‘மிக்கோகோ பமோஜா’ திட்டம், ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கணக்கில் வரும் வருவாயை இப்படித்தான் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறது. அலையாத்தியின் சேற்று மண்ணில் கரிமம் மிகுதியாகச் சேர்வதால் சிறு பரப்பே போதுமானதாயிற்று. மலைக்காட்டுக்கு அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவில் ஊர்மக்கள் நடத்தும் முதல் ரெட் பிளஸ் திட்டம், அதாவது காடழிப்பைக் குறைத்துக் கார்பன் வருவாய் பெறும் திட்டம், மேகாலயத்தில், கிழக்கு காசி மலையில், மவ்ஃபிலாங் பகுதியில் 2011இல் தொடங்கியது. உமியம் ஆற்றின் நீர்பிடிப்பில் ஏறத்தாழ 27,000 ஹெக்டேர்; பத்து ஹிமாக்கள், அதாவது காசி மக்களின் மரபாட்சி அமைப்புகள், ஒன்றுகூடித் தமக்கென ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்து திட்டத்தை நடத்தின. 2013இல், ஊர்மக்களின் கார்பன் திட்டங்களுக்கு வழங்கப்படும் பிளான் விவோ தரச்சான்று கிடைத்தது. விற்பனை வருவாயில் குறைந்தது 60 விழுக்காடு ஊர்மக்களுக்கே போக வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. அங்கே காட்டை அழித்தவை தீ, விறகு, கரி சுடுதல், கல் உடைத்தல், மேய்ச்சல். ஆகவே குளிர்காலத்தில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினார்கள், குறைந்த விறகில் எரியும் அடுப்புகளைக் கொடுத்தார்கள், மேய விடும் ஆடுமாடுகளுக்குப் பதிலாகக் கொட்டிலில் வளர்க்கும் பன்றிக்கும் கோழிக்கும் மாற உதவினார்கள். திறந்து கிடந்த மேடுகளில் தானாக முளைத்த கன்றுகள் தலைதூக்க இடம் விட்டார்கள். மவ்ஃபிலாங்கின் புனிதக் காட்டில் ஓர் இலையைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது என்பது அவர்கள் பழைய கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கிய அதே அமைப்புகள்தான் இதையும் தாங்கின.

இந்தத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டுவோர் பலர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். மேகாலயத்தின் காடுகளில் மிகப் பெரும்பகுதி வனத்துறையின் கையில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்போடு, குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனியாருக்கும் உரியவை. காசி மக்கள் கார்பன் பேச உட்கார்ந்தபோது உரிமைக் கேள்வி முன்பே தீர்ந்திருந்தது. நீலகிரியிலோ சத்தியமங்கலத்திலோ சந்திரபூரிலோ உள்ள, இன்னும் பட்டா பெறாத காப்புக்காட்டு ஊர் அப்படி உட்கார முடியாது. அங்கே நிறுவனம் முதலில் பேசப்போவது வனத்துறையோடு, ஊர் ‘பயனாளி’ என்ற பத்தியில் பின்னால் வரும்.

உரிமை உறுதியாக இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவின் ஒட்டார் மியன்சே மாகாணம் சாட்சி. பதின்மூன்று சமூகக் காட்டுக் குழுக்களைச் சேர்த்து 2008இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மக்களுக்கு இருந்தது பதினைந்து ஆண்டுகளுக்கான சமூக வனவியல் உடன்பாடு மட்டுமே. தாய்லாந்து எல்லைப் பதற்றத்தில் அங்கே வந்து தங்கிய படையினரே காட்டை வெட்டினார்கள், நிலம் பிடித்தார்கள். வேலியே பயிரை மேயும்போது, காவல் போன ஊராரும் புத்த பிக்குகளும் என்ன செய்ய முடியும்? அவர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்து காத்த காட்டின் பெரும்பகுதி போயிற்று, பேசப்பட்ட பணமும் பெரிதாக வந்து சேரவில்லை.

நேபாளம் நான்காவது ஒரு வழியைக் காட்டுகிறது: ஊர் தனித்தனியே நிறுவனத்தோடு பேசாமல், நாடு மொத்தமாகப் பேசி, ஊருக்குப் பங்கிடுவது. அங்கும் உரிமையே முன்னால் வந்தது. 1993ஆம் ஆண்டு வனச்சட்டம் பயனர் குழுக்களுக்குச் சட்டத் தகுதியும் வருவாய் மீது உரிமையும் தந்தது. இன்று 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள். 1992இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு 2016இல் 45 விழுக்காடானது. வேலைக்காக வெளிநாடு சென்றோர் விட்டுச்சென்ற தரிசில் மரம் வளர்ந்ததும் ஒரு காரணம். ஆயினும் பயனர் குழுக்களின் பங்கை மறுக்க முடியாது. அதன்பிறகுதான் 2021இல், தெற்குச் சமவெளியான தெராய்ப் பகுதியின் காடுகளில் 90 லட்சம் டன் உமிழ்வைக் குறைத்தால் 4.5 கோடி டாலர்வரை தருவதாக உலக வங்கியின் நிதியத்தோடு ஒப்பந்தமானது. டன்னுக்கு 5 டாலர். அதுவும் தலைநகர் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

நேபாளத்தில் அதற்கு முன்பே நடந்த ஒரு சோதனையைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். கோர்கா, சித்வன், தோலகா மாவட்டங்களில் 105 பயனர் குழுக்களுக்கு 2011இல் 95,000 டாலர் பகிர்ந்தார்கள். பங்கீட்டில் 40 விழுக்காடுதான் கரிமத்துக்கு. மீதி 60 விழுக்காட்டை அந்தக் குழுவில் எத்தனை ஏழைக் குடும்பங்கள், எத்தனை தலித் குடும்பங்கள், எத்தனை பழங்குடிக் குடும்பங்கள், பெண்கள் எவ்வளவு பேர் என்று பார்த்துக் கொடுத்தார்கள். கரிமத்தை மட்டும் அளந்தால் பெருங்காடு வைத்திருக்கும் வசதியான ஊருக்கே பணம் போகும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு. விறகுக்காகத் தினமும் காட்டுக்குள் போகிறவர் யாரோ அவர்தான் காடு மூடப்பட்டால் முதலில் இழப்பவர். அவருக்கு ஈடு செய்யாமல் எந்தக் காவலும் நிற்காது.

காட்டை விட்டுவிட்டு, சொந்த நிலத்தில் மரம் வைத்துக் கார்பன் வருவாய் பெறும் வழியும் இருக்கிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் காப்பியோடு பழமரங்களை நட்டது இப்படி; தமிழ்நாட்டிலும் ‘டிஸ்ட்’ என்ற அமைப்பின் வழியே சிறு உழவர் குழுக்கள் மரம் வளர்த்திருக்கிறார்கள். நிலம் அவரவர் பெயரில் இருப்பதால் உரிமைச் சிக்கல் இல்லை, மாம்பழமும் காப்பியும் கார்பன் விலையைச் சார்ந்தவை அல்ல. பட்டா நிலமுள்ளவர்களுக்கு இது நல்ல வழி. நிலமற்றவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை, பொதுக்காட்டின் கேள்விக்கும் இது விடையன்று.

ஆக, என் முடிவு இது. கிராம சபை முதலில் நிரப்ப வேண்டியது படிவம் சி. அந்தப் பட்டா வந்து, ஊரே தன் காட்டுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுதி, எந்தப் பகுதியில் மேய்ச்சல், எந்தப் பகுதியில் ஓய்வு, தீக்காவலுக்கு யார் என்று தீர்த்த பிறகு, இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிட்டு, அந்தத் தேவைக்கு மட்டும் கார்பன் வாங்குவோரை அணுகலாம். வன உரிமைச் சட்டத்தில் கார்பன் என்ற சொல் எங்கும் இல்லை என்பது உண்மைதான். வருங்காலத்தில் அரசு வேறு விளக்கம் சொல்லவும் கூடும். ஆயினும் காட்டை மேலாண்மை செய்யும் உரிமை பெற்ற சபையின் இசைவில்லாமல் ஒரு மரத்தில்கூட நாடா சுற்ற முடியாது என்ற நிலையே பேரத்தில் ஊருக்கு வேண்டிய வலு.

அப்படிப் பேசும்போது ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலிடம் தருவது மொழிக்கு. முழு ஒப்பந்தமும் தமிழிலோ ஊரார் பேசும் மொழியிலோ எழுதப்பட்டு, சபையில் வரிவரியாகப் படிக்கப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்க ஊருக்கு நேரம் வேண்டும். விறகு, மகசூல், மேய்ச்சல், வழிபாடு ஆகிய உரிமைகளில் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று தனி விதியாக எழுத வேண்டும். பிளான் விவோ கேட்கும் 60 விழுக்காட்டைக் கீழ்வரம்பாக வைக்கலாம். ஆனால் எதில் 60 என்பது முக்கியம், ஏனெனில் செலவு போக மிஞ்சியதில் 60 என்று எழுதிவிட்டு, செலவைத் தாமே எழுதிக்கொள்ளும் வழி திறந்திருக்கும். சந்தை விலை வீழ்ந்தாலும் டன்னுக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஒரு தரைவிலை வேண்டும். காட்டுத்தீயில் மரம் போனால் ஊர் திருப்பித்தர வேண்டியதில்லை, ஒதுக்கிவைத்த கிரெடிட்டில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர்வதா விலகுவதா என்று சபையே முடிவு செய்யும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். நாற்பதாண்டு ஒப்பந்தத்தில் இன்று கையெழுத்திடுவது, இன்னும் பிறக்காதவர்களின் காட்டில் கையெழுத்திடுவதாகும். வழக்கு வந்தால் அயல்நாட்டு நடுவர் மன்றத்துக்கு ஓட முடியாது. சொந்த மாவட்ட நீதிமன்றமே போதும் என்று எழுதாத ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. கோரிக்கை மனு மாவட்டக் குழுவில் ஆண்டுக்கணக்கில் கிடக்க, ஒவ்வொரு கோடையிலும் காடு எரிந்துகொண்டிருந்தால், பட்டா வரட்டும் என்று கைகட்டி நிற்க முடியாது. அந்த இடைக்காலத்தில் கூட்டு வன மேலாண்மைக் குழுவில் சேர்ந்து, தீக்கோடும் கூலியும் பெறுவதில் தவறில்லை. குழுவில் சேர்வதால் வன உரிமை கோரும் தகுதி போய்விடுவதில்லை. ஆனால் சேரும் நாளிலேயே, ‘சமூக வன வள உரிமைக்கான எங்கள் கோரிக்கை நிலுவையில் உள்ளது, இந்தக் குழுவில் சேர்வதால் அதை நாங்கள் கைவிடவில்லை, பட்டா கிடைத்ததும் இக்காட்டின் மேலாண்மை கிராம சபையைச் சேரும்’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்திருப்போர் அனைவரும் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, அதன் நகலை வனச்சரகர் அலுவலகத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் நிறுவனத்தின் ஆள் அதற்குள் வந்துவிட்டால், அவரிடமும் அந்த நகலைக் கொடுத்து, பட்டா வந்த பிறகு வரச் சொல்லலாம்.